அபஸ்வரம்: ஒரு சரித்திரக் குறிப்பு

இசையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் சரியான ஸ்வரங்களின் சரித்திரத்தையே எழுதி வந்திருக்கிறார்கள். தவறான ஸ்வரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது எப்போது மன்னிக்கப்பட்டது, எப்போது மறைக்கப்பட்டது, எந்தக் கட்டத்திலிருந்து கேட்பவனின் காதை எட்டவே முடியாமல் போயிற்று என்பவை அச்சரித்திரத்தின் அத்தியாயங்கள். கடைசி அத்தியாயம் 1997இல் அமெரிக்காவில் தொடங்குகிறது. பாடகனின் தொண்டைக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில், பாடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்ருதி விலகலைக் கண்டுபிடித்துத் திருத்தும் யந்திரம் அந்த ஆண்டில் விற்பனைக்கு வந்தது. நான் பொறியியல் படித்தவன் அல்ல. மேடையேறிப் பாடுகிறவனும் அல்ல. கேட்கிறவன். அந்த ஒரே தகுதியில், என்னிடமிருந்து எது எடுத்துக்கொள்ளப்பட்டது என்று கணக்குப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திருத்தும் ஆசை பழையது. 1904இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரிலிருந்து ‘வெல்ட்டே-மின்யோன்’ என்ற தானியங்கிப் பியானோ வந்தது. கலைஞர் வாசிப்பதைக் காகிதச் சுருளில் துளைகளாகப் பதிந்துகொண்டு, பிறகு அத்துளைகளின் வழியே பியானோவைத் தானே வாசிக்கச் செய்யும் ஏற்பாடு. காகிதமானதால் விரல் தவறி விழுந்த இடத்துத் துளையை ஒட்டி அடைக்கலாம். விட்டுப்போன ஸ்வரத்துக்குப் புதுத் துளை போடலாம். சுருள் தயாரித்த நிறுவனங்களில் இந்த வேலைக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். வாங்கியவர்கள் வீட்டில் கேட்டது கலைஞனின் கையையும் திருத்துகிறவனின் பசையையும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு காந்த நாடா பரவலாக வந்தபோது பசைக்குப் பதில் சவரக் கத்தி வந்தது. இரண்டு பதிவுகளில் நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டி ஒரே வாசிப்பாக்கிவிட முடிந்தது. 1952இல் லண்டனில் ஃபுர்ட்வெங்லர் நடத்திய வாக்னரின் ‘ட்ரிஸ்டானும் இஸோல்டாவும்’ பதிவாயிற்று. இஸோல்டாவாகப் பாடிய கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாடுக்கு அப்போது வயது 56. இரண்டாம் அங்கத்தின் உச்ச ஸ்வரங்களை அவருக்குப் பதிலாக எலிஸபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் பாடிக்கொடுத்தார். செய்தி பின்னால் கசிந்து வம்பாயிற்று. அந்தப் பதிவு நூற்றாண்டின் தலைசிறந்த பதிவுகளில் ஒன்றாகவே இன்றும் எண்ணப்படுகிறது. அதில் எனக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

வெட்டி ஒட்டுவதை வெட்கமின்றி ஆதரித்த மேதை க்ளென் கூல்ட். 1964 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் வாசித்த பிறகு, 31ஆவது வயதில், அவர் பொதுமேடையை விட்டே விலகினார். 1966இல் ‘ஹை ஃபிடெலிட்டி’ பத்திரிகையில் ஒலிப்பதிவின் எதிர்காலம் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். பாஹ்கின் ஃப்யூக் ஒன்றை அவர் பலமுறை வாசித்துப் பதிவு செய்கிறார். ஆறாவது வாசிப்பும் எட்டாவது வாசிப்பும் தவறில்லாதவை. ஆனால் ஒன்று முழுக்கக் கனம், மற்றது முழுக்கத் துள்ளல். தனியே கேட்டால் இரண்டும் சலிப்பு. இரண்டையும் இணைத்தபோது, எந்த மேடையிலும் அவருக்குக் கிட்டியிராத ஒரு வாசிப்பு கிடைத்தது. இங்கே கத்தி வெட்டியது அபஸ்வரத்தை அல்ல; தவறே இல்லாத இரண்டு வாசிப்புகளின் போதாமையை. திருத்தம் சிருஷ்டியாவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆகவே இந்தக் கட்டுரையை யந்திர துவேஷம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காகிதச் சுருளிலிருந்து நாடா வரை எல்லாத் திருத்தமும் வாசிப்பு முடிந்த பின் நடந்தது. மேடை அதற்கு வெளியே இருந்தது. மேடையில் விழுந்த ஸ்வரம் விழுந்ததுதான்; பாடகனும் ரசிகனும் அதை ஒரே கணத்தில் கேட்டார்கள்; அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது பாடகன் பொறுப்பு. இந்தப் பொறுப்பிலிருந்து பிறந்தவற்றை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுப் பியானோக் கலைஞர் கோர்த்தோ விரல் தவறுவதற்குப் பேர்போனவர். 1920களிலும் 30களிலும் அவர் தந்த ஷோப்பன் இசைத்தட்டுகளில் தவறுகள் அப்படியே இருக்கின்றன. ஒரு பக்கம் நாலைந்து நிமிஷம் ஓடும் அந்தத் தட்டுகளில் வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. வேண்டுமானால் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். அவற்றைத் தேடிக் கேட்கிறவர்கள் தவறுகளைச் சகித்துக்கொண்டு கேட்பதில்லை. இவ்வளவு துணிந்து ஒரு வாக்கியத்தை வளைக்கிறவனுக்கு விரல் வழுக்கத்தான் செய்யும் என்று புரிந்துகொண்டு கேட்கிறார்கள்.

1960 பிப்ரவரியில் பெர்லினில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடினார். ‘மாக் த நைஃப்’ பாட்டின் நடுவில் வரிகள் மறந்துபோயின. அவர் நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே மெட்டில் வைத்துப் பாடினார். அதே பாட்டைத் தமக்கு முன் பிரபலமாக்கியவர்களின் பெயர்களை இழுத்தார். லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கைப் போல் குரலைக் கரகரக்கச் செய்தார். அந்த மறதியோடுதான் இசைத்தட்டு வெளிவந்தது. அதற்குத்தான் கிராமி பரிசும் கிடைத்தது. நினைவு பிசகாமல் அவர் பாடியிருந்தால் நல்ல பாட்டு ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும். அவ்வளவுதான்.

மூன்றாவது உதாரணம் பியானோக் கலைஞர் ஹெர்பி ஹான்காக் தம் வாயாலேயே பலமுறை சொன்னது. 1960களில் மைல்ஸ் டேவிஸின் குழுவில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் ஒரு கச்சேரி. குழு உச்சத்தில் இருக்கிறது. டேவிஸின் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் ஹான்காக் முற்றிலும் தவறான ஒரு ஸ்வரக்கூட்டை அழுத்திவிடுகிறார். எல்லாம் போயிற்று என்று அவர் குன்றிப்போக, டேவிஸ் ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, அந்தத் தவறைச் சரியாக்கும்படியான ஸ்வரங்களைத் தொடர்ந்து வாசிக்கிறார். டேவிஸ் அதைத் தவறாகவே கேட்கவில்லை, நிகழ்ந்த ஒன்றாகவே கேட்டார் என்று விளங்கிக்கொள்ளத் தமக்கு வெகு காலம் பிடித்தது என்கிறார் ஹான்காக்.

இதுவும் ஒரு திருத்தம்தான், அதுவும் நேரடியான திருத்தம். விழுந்த ஸ்வரத்தை அது மாற்றவில்லை. அதற்குப் பின் வருவதை மாற்றி, அதன் மூலம் விழுந்ததன் அர்த்தத்தை மாற்றியது. ஒரு ஸ்வரம் சரியா தவறா என்பது அது ஒலிக்கும் கணத்தில் முடிவாகிவிடுவதில்லை. அடுத்து வருவதைப் பொறுத்தது. மேடை இந்த அவகாசத்தைத் தந்து வந்தது.

இனி யந்திரம். அதைச் செய்தவர் ஆண்டி ஹில்டெப்ராண்ட், மின் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், புல்லாங்குழலும் வாசிப்பவர். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் பணி செய்தார். 1982இல் லாண்ட்மார்க் கிராஃபிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கணக்கிட்டு, எண்ணெய் எங்கே இருக்கும் என்று ஊகிப்பது அவருடைய துறை. பின்னர் அதை விட்டு இசை படிக்கப் போனார். ஒரு விருந்து மேஜையில் நண்பரின் மனைவி, ஸ்ருதி பிசகாமல் என்னைப் பாடவைக்க ஒரு பெட்டி செய்து கொடுங்களேன் என்று வேடிக்கையாகக் கேட்டதிலிருந்து யோசனை பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பாறை அடுக்குகளுக்குப் பயன்பட்ட கணிதத்தின் உறவுக்காரன்தான் குரலுக்கும் பயன்பட்டது. ‘ஆட்டோ-ட்யூன்’ என்ற பெயரில், ஆன்டாரெஸ் என்ற அவரது நிறுவனத்திலிருந்து, 1997இல் அது வெளிவந்தது.

வேலை செய்யும் விதம் விளங்காத மர்மம் அல்ல. குரலின் அலையை, சற்றே தாமதப்படுத்திய அதே அலையோடு யந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எவ்வளவு தாமதத்தில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்துகின்றனவோ அதுதான் ஓர் அதிர்வின் காலம். அதிலிருந்து ஸ்ருதி தெரிந்துவிடுகிறது. இந்த ஒப்பீட்டுக்குக் கணக்கில்லாத பெருக்கல்கள் தேவைப்படும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்காமல், முந்தைய விடையோடு புதியதை மட்டும் சேர்த்துக்கொள்ளும் வழியை ஹில்டெப்ராண்ட் பிடித்தார். பாடும் வேகத்துக்குக் கணக்கு ஈடுகொடுத்தது. ஸ்ருதி தெரிந்ததும், அனுமதிக்கப்பட்ட ஸ்வரங்களில் எது மிக அருகே இருக்கிறதோ அங்கே குரல் இழுத்துச் செல்லப்படுகிறது.

‘மிக அருகே’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வினாடிக்கு 440 அதிர்வு ஒரு ஸ்வரம். அதற்கடுத்த அரை ஸ்வரம் சுமார் 466. நடுக்கோடு 453க்குச் சற்றுக் கீழே விழுகிறது. பன்னிரண்டு ஸ்வரங்களையும் யந்திரத்துக்கு அனுமதித்திருந்தால், 452இல் பாடியவனை அது 440க்கு இறக்கும்; 454இல் பாடியவனை 466க்கு ஏற்றும். கேட்கும் காதுக்கு 452, 454 இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பாடகன் எங்கே போக நினைத்தான் என்பது யந்திரத்துக்குத் தெரியாது. எங்கே நிற்கிறான் என்பதே தெரியும். கோட்டுக்கு அப்பால் கால் வைத்தவனைத் தவறான ஸ்வரத்திலேயே துல்லியமாக நிறுத்திவிடும். இதனால்தான் மேடையில் இதைப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த ஸ்வரங்கள் அனுமதி, எவை விலக்கு என்று முன்கூட்டியே பதிந்து வைக்கிறார்கள். அந்தப் பட்டியல் மேடைக்கு எதிரே இருட்டில் ஒலிக்கலவை மேஜையருகே இருப்பவரிடம் இருக்கிறது. ரசிகர்கள் பார்ப்பது ஒருவரை; ஸ்வரத்தை நிர்ணயிப்பதில் பங்கு இருவருக்கு.

யந்திரத்தில் இன்னொரு திருகு உண்டு: எவ்வளவு வேகமாகத் திருத்துவது என்பதற்கானது. மெதுவாக வைத்தால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் இயல்பான அசைவுகள் பிழைத்துக்கொள்ளும். திருத்தம் நடந்ததே தெரியாது. பூஜ்யத்தில் வைத்தால் குரல் படிக்கட்டில் தாவுவதுபோல் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குக் குதிக்கும். 1998இல் ஷேர் பாடிய ‘பிலீவ்’ உலகெங்கும் ஒலித்தபோது கேட்ட விநோதமான குரல் இந்தப் பூஜ்யத்திலிருந்து வந்ததுதான். லண்டனில் அதைப் பதிவு செய்த தயாரிப்பாளர்கள், 1999இல் ‘சவுண்ட் ஆன் சவுண்ட்’ பத்திரிகைக்குப் பேசியபோது, வேறொரு கருவியின் பெயரைச் சொல்லிவைத்தார்கள். மறைப்பதற்காகச் செய்யப்பட்ட யந்திரம் முதன்முதலில் பிரசித்தமானது வெளிப்படையாகக் கேட்டதால். அப்படிக் கேட்ட பிறகும் அதன் பெயர் மறைக்கப்பட்டது.

அங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று வெளிப்படையானது. 2005இல் டி-பெயின் பூஜ்யத் திருகைத் தமது முத்திரையாகவே ஆக்கிக்கொண்டார். 2008இல் கான்யே வெஸ்ட், தாயை இழந்த பின் வெளியிட்ட ‘808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்’ தொகுப்பு முழுவதையும் அந்த உலோகக் குரலில் பாடினார். அழத் தெரியாதவன் யந்திரத்தின் மூலம் அழுவதைப்போல இருக்கும் அது. எனக்கு அது பிடிக்கும். அல்ஜீரியாவின் ராய் பாட்டிலும் மொராக்கோவின் பெர்பர் பாட்டிலும் நடந்தது இன்னும் வியப்பு. ஸ்வரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் பாணி அவர்களுடையது. அந்த ஓட்டத்தை நிறுத்த முயன்று யந்திரம் திணறித் தாவும் சப்தத்தையே அவர்கள் அலங்காரமாக்கிக்கொண்டார்கள். இந்தப் பாதையில் எனக்குப் புகார் இல்லை. கேட்பவன் யந்திரத்தையும் கேட்கிறான். அவனிடம் எதுவும் மறைக்கப்படவில்லை.

இரண்டாவது பாதை மௌனமானது. மென்பொருள் வந்த சிறிது காலத்திலேயே மேடைக்கென்று தனிப் பெட்டியும் வந்துவிட்டது. பின்னர் காலால் அழுத்தும் சிறு பெட்டிகளும் வந்தன. எந்தக் கச்சேரியில் அவை இருந்தன, எதில் இல்லை என்று ரசிகனால் சொல்ல முடியாது. திருகு மெதுவாக வைக்கப்பட்டிருப்பதன் அர்த்தமே அதுதான். எதிர்ப்பு எழாமலில்லை. 2009 பிப்ரவரியில் டெத் காப் ஃபார் க்யூட்டி என்ற குழுவினர் கிராமி விழாவுக்கு நீல ரிப்பன் குத்திக்கொண்டு வந்தார்கள். அதே ஆண்டு ஜே-ஸீ இந்த யந்திரத்தின் மரணத்தை அறிவித்து ஒரு பாட்டு வெளியிட்டார். யந்திரம் சாகவில்லை. 2010இல் பிரிட்டனின் ‘எக்ஸ் ஃபாக்டர்’ நிகழ்ச்சியில், நேரடித் தேர்வாகக் காட்டப்பட்ட பாட்டுகளின் ஒலி பின்னால் திருத்தப்பட்டிருந்ததைப் பார்வையாளர்கள் கண்டுபிடித்தார்கள். போட்டியில் பாடிய குரலே பாடிய குரல் இல்லை என்றதும் கோபம் வந்தது. 2010இல் ‘டைம்’ பத்திரிகை மிக மோசமான ஐம்பது கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. 2023இல் அதே ஹில்டெப்ராண்டுக்கு தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள். கோபத்தின் ஆயுள் பதின்மூன்று ஆண்டுகள்.

கோபம் ஆறியதற்குக் காரணம் காது மாறியதுதான் என்று நினைக்கிறேன். நண்பர் ஒருவரின் மகள், பத்தொன்பது வயது, நன்றாகப் பாடுவாள். பில்லி ஹாலிடே இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1958இல், வெளியான ‘லேடி இன் சாட்டின்’ தொகுப்பை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். குடியும் போதையும் தின்று தீர்த்த குரல். ஸ்வரத்தை எட்டிப் பிடிக்கும். சில இடங்களில் எட்டாமல் கீழேயே நின்றுவிடும். அந்த எட்டாத தூரத்தில்தான் பாட்டு இருக்கிறது. இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, “இதை யாரும் சரி பண்ணலையா மாமா?” என்றாள். அவளுக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிறந்ததிலிருந்து அவள் கேட்ட குரல்களில் பெரும்பாலானவை நேர்க்கோட்டில் நிறுத்தப்பட்டவை. அந்தக் கோட்டிலிருந்து விலகுவது அவளுக்கு வேலை முடியாத வீடாகத் தெரிகிறது.

நமக்கும் இந்தத் தகராறு முற்றிலும் அந்நியமல்ல. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கிவைத்தது. அசையாத கட்டைகளில் கமகம் வராது என்பது ஒரு காரணம். அதன் சம இடைவெளி ஸ்ருதி நமது இசைக்குப் பொருந்தாது என்பது மற்றொன்று. தடை தளரத் தொடங்கியது 1971இல்தான். தடை சரியா என்பது வேறு விவாதம். ஹார்மோனியத்தில் அற்புதங்கள் செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஹார்மோனியம் தன் குறையை மறைத்ததில்லை. பாடகனுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணெதிரில் இருந்தது. குரல் விலகிப் போனால் போன தூரம் கேட்டது. புதிய யந்திரம் பக்கத்தில் இல்லை, குரலுக்குள் இருக்கிறது. தோடியின் காந்தாரத்தைப் பன்னிரண்டு படிகளும் பூஜ்யத் திருகும் கொண்ட யந்திரத்திடம் கொடுத்துப் பாருங்கள். ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைவதால் மட்டுமே உயிரோடிருக்கும் அந்த ஸ்வரத்தை, ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத தவறு என்றே அது எடுத்துக்கொள்ளும்.

எழுதுகிற நண்பர்கள் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்பலாம், அது நியாயமானது. நாம் அடித்துத் திருத்தித்தானே எழுதுகிறோம்? வாசகன் கையில் போவது நாலாவது பிரதியோ ஐந்தாவது பிரதியோ. பாடகனுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை கிடையாது?

என் பதில் இரண்டு. முதலாவது, அச்சிட்ட பக்கம் உங்கள் கண்ணெதிரில் எழுதப்பட்டதாகப் பாவனை செய்வதில்லை. மேடை அப்படிச் சொல்லித்தான் டிக்கெட் விற்கிறது. 2009 ஜனவரியில் வாஷிங்டனில் ஒபாமா பதவியேற்றபோது யோ-யோ மாவும் இட்ஸாக் பெர்ல்மனும் இன்னும் இருவரும் வாசித்தார்கள். கடுங்குளிரில் வாத்தியங்கள் ஸ்ருதியில் நிற்காது என்பதால் இரண்டு நாள் முன்னால் செய்த பதிவே கூட்டத்துக்கு ஒலிபரப்பப்பட்டது. பிறகு செய்தி வெளியானது. உலகம் அதை மன்னித்தது. குளிர் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டதால் அங்கே ஓர் உண்மையாவது பரிமாறப்பட்டது. யந்திரம் எந்தக் காரணமும் சொல்வதில்லை.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். அடித்துத் திருத்துகிறவன் தன் தவறைச் சந்திக்கிறான். தவறாக விழுந்த ஒரு சொல்லை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, போக நினைத்திராத இடத்துக்கு அது வழி காட்டிய அனுபவம் இதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்கும். கூல்ட் தம் இரண்டு வாசிப்புகளையும் உட்கார்ந்து கேட்டார். யந்திரத் திருத்தத்தில் இந்தச் சந்திப்பு இல்லை. ரசிகன் தவறைக் கேட்பதில்லை. திருத்திய குரலே பாடகனின் காதுக்குள்ளும் திருப்பி அனுப்பப்படுமானால் அவனும் அதைக் கேட்பதில்லை. சக வாத்தியக்காரன் கேட்காததால் அவன் பதில் சொல்வதும் இல்லை. திருத்தம் போய்ச் சேரும் இடமோ ஏற்கெனவே அறிந்த பட்டியல். பட்டியலில் இல்லாத ஸ்வரம், நாளைக்கு ஒருவேளை சரியாகப்போகிற ஸ்வரம், இன்றைக்கு ஒலிப்பதற்கு வழியில்லை. சரி எது என்பதை இசை நடக்கும்போது கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, இசை தொடங்குமுன் எழுதி வைத்தாயிற்று.

மேடையில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலோடு ஐம்பது ஊர்களில் பாட வேண்டிய ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்ட பாடகனுக்கு அது ஊன்றுகோல். ஊன்றுகோலைத் திரைக்குப் பின்னால் வைக்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். வாத்தியக்காரர்களின் பெயர்களைச் சொல்வதுபோல் அதன் பெயரையும் சொல்லட்டும். யந்திரமும் பாடியது என்று தெரிந்து கேட்பது வேறு அனுபவம். அதையும் ரசிக்கக் காது பழகிக்கொள்ளும்.

ஹான்காக்கின் அந்தக் கச்சேரிக்குத் திரும்பத் திரும்ப மனம் போகிறது. அப்படியொரு பெட்டி அன்றைக்குப் பியானோவுக்கும் வாய்த்திருந்தால், தவறிய ஸ்வரக்கூட்டு சரியான ஸ்வரக்கூட்டாகவே அரங்கத்தை எட்டியிருக்கும். யாரும் குன்றிப்போயிருக்க மாட்டார்கள். டேவிஸ் அந்த ஒரு மூச்சு நேரம் நிறுத்தியிருக்க மாட்டார். அவர் வாசிக்க நினைத்திருந்ததையே வாசித்துவிட்டுப் போயிருப்பார்.